பொறுப்பேற்ற பெருந்தகை

நுழையும்முன்

மக்களாட்சியில் அதிகாரம் ஒருவர் கையில் குவிவதில்லை. சட்டம் இயற்றுவோர், அதனைச் செயற்படுத்துவோர், அது முறையாகப் பின்பற்றப்பட்டதா என ஆராய்ந்து தீர்ப்பளிப்போர் எனப் பணிகள் பிரிந்து நிற்கின்றன. இப்பிரிவுகளை ஒன்றோடொன்று பிணைக்கும் கயிறு ஒன்று உண்டு. பதவியில் இருப்பவர் மக்களுக்கு விடைகூறக் கடமைப்பட்டவர் என்னும் பொறுப்புணர்வே அது. அரியலூர் மண்ணில் நிகழ்ந்த பெருந்துயர் ஒன்றுக்குப் பொறுப்பேற்றுப் பதவி துறந்த லால் பகதூர் சாஸ்திரியின் வாழ்க்கை அவ்வுணர்வுக்குச் சான்றாக விளங்குகிறது.

மருதையாற்றங்கரையில்

பெரம்பலூர் மாவட்டத்தின் மேற்கே பச்சைமலை நீண்டு கிடக்கிறது. அம்மலைப்பகுதியில் தோன்றும் மருதையாறு கிழக்கு நோக்கி ஓடி, அரியலூர் மாவட்டத்தின் வழியாகச் சென்று கொள்ளிடத்தில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணல் தெரியக் கிடக்கும் இவ்வாறு, வடகிழக்குப் பருவமழை வலுக்கும் ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் கரைகொள்ளாமல் பெருகும்.

1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களிலும் அவ்வாறே பெருகியது. அக்காலத்தில் இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகளாக இருந்தன. மொழிவழி மாநிலங்கள் அமைக்கப்பெற்று மூன்று வாரங்களே கடந்திருந்தன. சென்னை மாநிலத்தின் முதலமைச்சராகக் காமராசர் பொறுப்பு வகித்தார்.

நவம்பர் 22ஆம் நாள் இரவு சென்னையிலிருந்து புறப்பட்ட தூத்துக்குடி விரைவுத் தொடர்வண்டி, 23ஆம் நாள் விடியற்காலையில் அரியலூர் நிலையத்தைக் கடந்து கல்லகம் நோக்கிச் சென்றது. இடையில் மருதையாற்றுப் பாலம் இருந்தது. வெள்ளத்தின் வேகத்தால் வலுவிழந்திருந்த பாலத்தின்மீது வண்டி ஏறியபோது பாலம் சரிந்தது. நீராவி எஞ்சினும் அதனையடுத்த பெட்டிகளும் ஆற்றுக்குள் வீழ்ந்தன. பயணியரில் பெரும்பாலோர் உறக்கத்தில் இருந்த நேரம் அது. 140க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர்.

இச்செய்தி தில்லியை அடைந்தபோது ஒன்றிய அரசின் தொடர்வண்டித்துறை அமைச்சராக இருந்தவர் லால் பகதூர் சாஸ்திரி. அவர் அப்பாலத்தைக் கட்டியவர் அல்லர்; அவ்வண்டியை ஓட்டியவரும் அல்லர். ஆயினும் அத்துயருக்குத் தாமே விடைகூற வேண்டியவர் என அவர் கருதினார். அவ்வாறு கருதும் மனம் அவருக்கு வாய்த்தது எங்ஙனம் என்பதை அறிய, அவரது வாழ்க்கையைத் தொடக்கம் முதல் காணுதல் வேண்டும்.

பிறப்பும் இளமையும்

லால் பகதூர், வாரணாசிக்கு அருகிலுள்ள முகல்சராயில் 1904ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் பிறந்தார். தந்தையார் சாரதா பிரசாத் பள்ளி ஆசிரியராக இருந்து, பின்னர் அலகாபாத்தில் வருவாய்த்துறை எழுத்தராகப் பணியாற்றினார். அரசு என்னும் பெரிய அமைப்பின் மிகக் கீழ்ப்படியில் நின்று உழைத்த குடும்பம் அது. லால் பகதூருக்கு ஒன்றரை வயது ஆனபோதே தந்தையார் மறைந்தார். தாயார் ராம்துலாரி தேவி குழந்தைகளுடன் தம் தந்தையார் இல்லத்தில் வாழ்ந்தார். உறவினர் ஆதரவில், வறுமைக்கிடையே லால் பகதூரின் கல்வி தொடர்ந்தது.

வாரணாசியில் உயர்நிலைப் பள்ளியில் பயின்றபோது நாட்டு விடுதலை பற்றிய எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது. ஒத்துழையாமை இயக்கத்தையொட்டி அரசுசார் பள்ளிகளைவிட்டு வெளியேறுமாறு காந்தியடிகள் மாணவர்களை அழைத்தார். 1921ஆம் ஆண்டில் அவ்வழைப்பை ஏற்று லால் பகதூர் பள்ளியைத் துறந்தார். படித்து வேலைக்குச் சென்று குடும்பத்தைத் தாங்குவார் என அன்னையார் நம்பியிருந்த காலம் அது. பதினேழு வயதை எட்டாத இளைஞர் ஒருவர், தாம் சரியென உணர்ந்ததற்காகத் தமக்கு உரியதை விட்டுக்கொடுத்தார். அவர் வாழ்வில் பின்னர் நிகழ்ந்த பல துறவுகளுக்கு அதுவே முதற்படியாயிற்று.

தேசியக் கல்வி வழங்குவதற்காகத் தொடங்கப்பட்ட காசி வித்யாபீடத்தில் சேர்ந்து, மெய்யியல் பயின்று, 1925ஆம் ஆண்டில் சாஸ்திரி என்னும் பட்டம் பெற்றார். சாதியைச் சுட்டிய ஸ்ரீவாஸ்தவா என்னும் பெயரொட்டை அவர் முன்னரே நீக்கியிருந்தார். கல்வியால் பெற்ற பட்டமே பின்னாளில் அவர் பெயரோடு ஒன்றிப்போயிற்று. லாலா லஜபதி ராய் நிறுவிய மக்கள் தொண்டர் கழகத்தில் வாழ்நாள் உறுப்பினராகி, குறைந்த ஊதியத்தில் பொதுப்பணி ஆற்றினார். 1928ஆம் ஆண்டில் லலிதா தேவியை மணந்தபோது இராட்டையும் சில முழக் கதர்த்துணியுமே சீராகப் பெற்றார்.

ஒரே கையில் இருந்த அதிகாரம்

1930ஆம் ஆண்டின் உப்பு அறப்போர் முதல் 1942ஆம் ஆண்டின் வெள்ளையனே வெளியேறு இயக்கம் வரை சாஸ்திரி பலமுறை சிறை சென்றார். அவர் சிறையில் கழித்த காலத்தைக் கூட்டினால் பல ஆண்டுகள் ஆகும். அச்சிறைவாழ்வு அவருக்கு அயலாட்சியின் அமைப்பை நேரில் காட்டியது.

அன்றைய மாவட்ட ஆட்சியர் வரி தண்டுவதற்குத் தலைவராக இருந்தார். காவல்துறை அவர் கட்டுப்பாட்டில் இயங்கியது. அவரே குற்றவியல் நடுவருக்குரிய அதிகாரத்தையும் கொண்டிருந்தார். சட்டத்தைச் செயற்படுத்துபவரும், அச்சட்டப்படி குற்றம் சாட்டுபவரும், தண்டிக்கும் அதிகாரம் உடையவரும் ஒருவரே என்றால், குற்றம் சாட்டப்பட்டவர் எவரிடம் முறையிடுவது? திருச்சிராப்பள்ளியிலும் அலகாபாத்திலும் இதுவே நிலை. விடுதலை வீரர்கள் வேண்டியது அயலார் வெளியேறுவதை மட்டுமன்று. ஆட்சியின் உறுப்புகள் ஒன்றையொன்று தடுத்து நிறுத்தவல்லனவாக அமைய வேண்டும் என்பதும் அவர்தம் வேட்கையாக இருந்தது.

விடுதலைக்குப்பின் இயற்றப்பெற்ற இந்திய அரசமைப்பின் 50ஆம் உறுப்பு, நீதித்துறையை நிருவாகத்துறையிலிருந்து பிரித்திட அரசு நடவடிக்கை எடுத்தல் வேண்டும் என நெறிப்படுத்தியது. 1974ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் இப்பிரிவினையை நாட்டின் பெரும்பகுதிக்கும் உறுதிசெய்தது. இன்று மாவட்ட ஆட்சியரும் மாவட்ட நீதிபதியும் ஒரே ஊரில் பணியாற்றினும், ஒருவர் மற்றவரின் கட்டளைக்கு உட்பட்டவர் அல்லர்.

மாநில ஆட்சி கற்பித்த பாடம்

1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களுக்குத் தன்னாட்சி அளித்தது. அதன்படி 1937ஆம் ஆண்டில் நடைபெற்ற தேர்தலில் சாஸ்திரி ஐக்கிய மாகாணச் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இன்றைய உத்தரப் பிரதேசமே அக்கால ஐக்கிய மாகாணம். 1946ஆம் ஆண்டில் மீண்டும் வென்று, முதலமைச்சர் கோவிந்த வல்லப பந்த்தின் அரசில் சட்டமன்றச் செயலராகப் பொறுப்பேற்றார். 1947ஆம் ஆண்டில் காவல், போக்குவரத்துத் துறைகளின் அமைச்சரானார். தில்லியில் அமைச்சராவதற்கு முன் மாநில அரசு ஒன்றன் உள்ளமைப்பை அவர் இங்ஙனம் முழுமையாகக் கற்றார்.

மாநில அரசு மூன்று உறுப்புகளைக் கொண்டது. முதலாவது சட்டமன்றம். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் அங்குக் கூடிச் சட்டங்களை இயற்றுகின்றனர். அரசின் வரவு செலவுத் திட்டத்தை ஆய்ந்து ஒப்புதல் வழங்குகின்றனர். சட்டமன்றத்தின் இசைவின்றி அரசு ஒரு ரூபாயும் செலவிட இயலாது. கேள்வி நேரத்தில் எந்த உறுப்பினரும் எந்தத் துறையின் செயலையும் குறித்து அமைச்சரிடம் விளக்கம் கோரலாம்.

இரண்டாவது நிருவாகத்துறை. அரசமைப்பின்படி மாநிலத்தின் நிருவாக அதிகாரம் ஆளுநரிடம் உள்ளது. எனினும் முதலமைச்சரின் தலைமையிலான அமைச்சரவையின் அறிவுரைப்படியே அவ்வதிகாரம் இயங்குகிறது. ஒவ்வோர் அமைச்சரும் சில துறைகளைப் பெறுகிறார். தலைமைச் செயலகத்தில் துறைச் செயலாளர் அரசின் கொள்கையை ஆணையாக வடிக்கிறார். துறைத்தலைவர்கள், மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர், வட்டாட்சியர், கிராம நிருவாக அலுவலர் எனப் படிப்படியாக இறங்கி அவ்வாணை சிற்றூரை அடைகிறது. அரசாணையை எழுதுபவர் அலுவலரே ஆயினும், அதற்காகச் சட்டமன்றத்தில் எழுந்து நின்று விடைகூற வேண்டியவர் அமைச்சரே.

மூன்றாவது நீதித்துறை. சட்டமன்றம் இயற்றிய சட்டம் அரசமைப்புக்கு முரணாயினும், நிருவாகத்துறை சட்டத்தை மீறினும், குடிமகன் நீதிமன்றத்தை நாடலாம். ஐக்கிய மாகாணத்தில் சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் லக்னோவில் இருந்தன. உயர்நீதிமன்றத்தின் தலைமையிடம் அலகாபாத்தில் இருந்தது. ஆள்வோரின் இருப்பிடத்திலிருந்து நீதியின் தலைமையிடம் தொலைவில் இருந்ததே அவ்விரண்டின் தனித்தன்மைக்கு ஓர் அடையாளம் போல விளங்கியது.

காவல்துறை அமைச்சர் என்ற முறையில் சாஸ்திரி இவ்வமைப்பின் மிகக் கூரிய பகுதியைக் கையாண்டார். குடிமக்களின்மீது வலிமையைப் பயன்படுத்தும் உரிமை பெற்ற துறை காவல்துறையே. தாமும் ஒருகாலத்தில் காவலரால் கைதுசெய்யப்பட்டவர் ஆதலின் அவ்வலிமையின் அளவை அவர் அறிவார். கூட்டத்தைக் கலைக்கத் தடியடிக்கு மாற்றாக நீரைப் பீய்ச்சும் முறையை அவர் அறிமுகப்படுத்தினார். போக்குவரத்து அமைச்சராகப் பேருந்துகளில் பெண்களை நடத்துநர்களாகப் பணியமர்த்தும் புதுமைக்கும் வழிவகுத்தார். அமைச்சரின் ஒரு கையெழுத்து தெருவில் நிற்கும் எளிய மனிதரின் உடலையும் வாழ்வையும் தொடுகிறது என்பதை மாநில ஆட்சி அவருக்குக் கற்பித்தது.

தொடர்வண்டித்துறை அமைச்சர்

1952ஆம் ஆண்டில் மாநிலங்களவை உறுப்பினராகிய சாஸ்திரி, பிரதமர் நேருவின் அமைச்சரவையில் தொடர்வண்டி, போக்குவரத்துத் துறைகளின் பொறுப்பை ஏற்றார். பல நிறுவனங்களும் சுதேச அரசுகளும் தனித்தனியே நடத்திவந்த இருப்புப்பாதைகள் மண்டலங்களாக ஒருங்கிணைக்கப்பட்டுவந்த காலம் அது. தென்னிந்திய இருப்புப்பாதையும் பிற இரண்டும் இணைந்து, தெற்கு இரயில்வே 1951ஆம் ஆண்டில்தான் உருவாகியிருந்தது.

மூன்றாம் வகுப்பில் பயணம் செய்யும் ஏழை மக்களின் இடர்ப்பாடுகளைக் குறைப்பதில் சாஸ்திரி பெருங்கவனம் செலுத்தினார். அப்பெட்டிகளில் மின்விசிறிகள் பொருத்தப்பட்டன. சென்னைப் பெரம்பூரில் அமைந்த இணைப்புப் பெட்டித் தொழிலகம் 1955ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் நேருவால் தொடங்கிவைக்கப்பெற்றது. அயல்நாட்டுப் பெட்டிகளை எதிர்பார்த்திருந்த நிலை மாறத் தொடங்கியது. பயணியர் எண்ணிக்கையும் சரக்குப் போக்குவரத்தும் பெருகிக்கொண்டே சென்றன. பழைய பாதைகளும் பாலங்களும் அந்தப் பெருஞ்சுமையைத் தாங்க வேண்டியிருந்தது.

இரு விபத்துகள், ஒரு முடிவு

1956ஆம் ஆண்டில், அரியலூர்த் துயருக்குச் சில திங்கள் முன்னர், இன்றைய தெலங்கானாவிலுள்ள மகபூப்நகருக்கு அருகே வெள்ளத்தால் பாலம் இடிந்து தொடர்வண்டி ஒன்று வீழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சாஸ்திரி அதற்குப் பொறுப்பேற்றுப் பதவி விலகல் கடிதத்தைப் பிரதமரிடம் அளித்தார். நேரு அதனை ஏற்கவில்லை. சாஸ்திரி பணியைத் தொடர்ந்தார்.

அதன்பின்னர் மருதையாற்றுப் பாலம் சரிந்தது. ஒரே ஆண்டில், ஒரே வகையான காரணத்தால், இரண்டாம் முறையாக நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. சாஸ்திரி மீண்டும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். இம்முறை அதனை ஏற்றுக்கொள்ளுமாறு வற்புறுத்தினார்.

அவரைப் பதவியில் தொடரச் செய்ய வேண்டும் எனக் கருதியோர் பலர். அவர்தம் கருத்திலும் நியாயம் இருந்தது. வெள்ளம் இயற்கையின் செயல். பல்லாயிரம் பாலங்களையும் அமைச்சர் ஒருவர் நேரில் கண்காணிக்க இயலாது. நேர்மையும் திறமையும் உடைய ஒருவர் விலகுவதால் ஒரு பாலமும் வலுப்பெறப்போவதில்லை. எஞ்சியிருந்து குறைகளைக் களைவதே சிறந்த கடமை என்பது அவர்கள் வாதம்.

நேரு இறுதியில் பதவி விலகலை ஏற்றார். சாஸ்திரியின் பண்பையும் உழைப்பையும் நாடாளுமன்றத்தில் மனமாரப் பாராட்டினார். விபத்துக்கு அவர் காரணர் என்பதற்காகத் தாம் அவரை விடுவிக்கவில்லை என்றும், அரசமைப்பு நெறிக்கு இது முன்மாதிரியாக அமைய வேண்டும் என்பதற்காகவே விலகலை ஏற்பதாகவும் விளக்கினார். 1956ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் சாஸ்திரி பொறுப்பிலிருந்து நீங்கினார். ஜெகஜீவன் ராம் அத்துறையை ஏற்றார்.

குற்றமும் பொறுப்பும்

சாஸ்திரியின் செயலைப் புரிந்துகொள்ளக் குற்றம், பொறுப்பு என்னும் இரு சொற்களையும் பிரித்தறிதல் இன்றியமையாதது. குற்றம் என்பது ஒருவர் செய்த தவற்றைச் சாரும். எவர் கடமை தவறினார், எந்த ஆய்வு நடைபெறாது போயிற்று, எந்த எச்சரிக்கை சென்று சேரவில்லை என ஆராய்ந்து முடிவுகாண்பது விசாரணை அலுவலரின் பணி. தேவைப்படின் நீதிமன்றத்தின் பணி. இதனாலேயே இருப்புப்பாதை விபத்துகளை ஆராயும் ஆய்வாளர்கள் 1941ஆம் ஆண்டிலேயே தொடர்வண்டி வாரியத்தின் கட்டுப்பாட்டிலிருந்து பிரிக்கப்பட்டு வேறு துறையின்கீழ் வைக்கப்பட்டனர். வண்டியை இயக்குபவரே அதன் விபத்துக்கு நடுவராக அமர்தல் கூடாது என்பதே அதன் அடிப்படை.

பொறுப்பு என்பது பதவியைச் சாரும். துறையின் ஒவ்வோர் அலுவலரும் அமைச்சரின் பெயராலேயே செயற்படுகின்றனர். துறை வெற்றிபெறும்போது அவ்வெற்றியை அமைச்சர் தம்முடையதாக ஏற்கிறார். எனவே அது தவறும்போது தவற்றையும் அவரே ஏற்றல் முறை. கடைநிலை ஊழியர்மீது பழியைச் சுமத்திவிட்டுத் தலைமை விலகிநின்றால், மக்கள் தம் பிரதிநிதிகள் வழியாகக் கேள்வி கேட்கும் உரிமை பொருளற்றதாகிவிடும்.

இந்நெறி ஒன்றிய அரசுக்கும் மாநில அரசுக்கும் பொதுவானது. அரசமைப்பின் 75ஆம் உறுப்பு ஒன்றிய அமைச்சரவையை மக்களவைக்கும், 164ஆம் உறுப்பு மாநில அமைச்சரவையைச் சட்டமன்றப் பேரவைக்கும் கூட்டாகப் பொறுப்புடையதாக்குகின்றன. பேரவையின் நம்பிக்கையை இழந்தால் அமைச்சரவை முழுவதும் விலக வேண்டும். ஆனால் தனி அமைச்சர் ஒருவர் தம் துறையின் தவற்றுக்காக விலகியே தீரவேண்டும் என அரசமைப்பின் எந்த வரியும் கூறவில்லை. அது மரபுக்கு உரியது. மரபை உயிர்ப்பிப்பது எழுத்தன்று; அதனைக் கடைப்பிடிக்கும் மனிதர். அரியலூர்த் துயரின்போது சாஸ்திரி செய்தது அதுவே.

அரியலூர் நிகழ்வு கூட்டாட்சியின் வேலைப்பங்கீட்டையும் காட்டுகிறது. இருப்புப்பாதை ஒன்றிய அரசின் பட்டியலைச் சார்ந்தது. ஆறு, ஏரி, பாசனம் ஆகியனவும் காவல், பொதுச் சுகாதாரம் ஆகியனவும் மாநிலப் பட்டியலைச் சார்ந்தன. ஆற்றில் ஓடும் நீர் ஓர் அரசின் பொறுப்பு; அதன்மேல் நிற்கும் பாலம் மற்றோர் அரசின் பொறுப்பு. மழையின் செய்தியும் ஏரி உடைப்பின் செய்தியும் உரிய நேரத்தில் ஓரரசின் அலுவலரிடமிருந்து மற்றோர் அரசின் அலுவலருக்குச் சென்றால்தான் உயிர்கள் காக்கப்படும். அதிகாரம் பிரிக்கப்பட்டது பணி செம்மையுறுவதற்காக. பழியை அடுத்தவரிடம் தள்ளுவதற்காக அன்று.

தெரிந்து தெளிவோம்

திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995ஆம் ஆண்டில் பெரம்பலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டது. அதிலிருந்து 2001ஆம் ஆண்டில் அரியலூர் தனி மாவட்டமாகி, 2002ஆம் ஆண்டில் மீண்டும் பெரம்பலூரோடு இணைக்கப்பட்டது. 2007ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் அரியலூர் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. மருதையாற்று விபத்து நிகழ்ந்த நாளும் நவம்பர் 23 ஆகும். பெரம்பலூர், குன்னம், அரியலூர், ஜெயங்கொண்டம் ஆகிய நான்கு தொகுதிகளின் உறுப்பினர்கள் இவ்விரு மாவட்ட மக்களின் சார்பில் தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையில் கேள்வி எழுப்புகின்றனர்.

பதவி துறந்தபின்

பதவி துறந்தவர் மக்களை நாடிச் சென்றார். 1957ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அலகாபாத் தொகுதியில் வென்று மக்களவைக்குள் நுழைந்தார். மீண்டும் அமைச்சராகிப் போக்குவரத்து, தகவல் தொடர்பு, வணிகம், தொழில் ஆகிய துறைகளை நடத்தினார். கோவிந்த வல்லப பந்த் மறைந்தபின் 1961ஆம் ஆண்டில் உள்துறை அமைச்சரானார்.

பொறுப்புணர்வைத் தனிமனிதரின் மனச்சான்றுக்கு மட்டும் விட்டுவிடுதல் போதாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1962ஆம் ஆண்டில் ஊழல் தடுப்பு வழிகளை ஆராயத் தமிழ்நாட்டைச் சேர்ந்த கே. சந்தானத்தின் தலைமையில் குழு ஒன்றை அமைத்தார். அக்குழுவின் பரிந்துரையால் 1964ஆம் ஆண்டில் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் தோன்றியது. அதே ஆண்டில் தமிழ்நாட்டிலும் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம் உருவாகியது. நிருவாகத்துறை தன்னைத்தானே கண்காணித்துக்கொள்ளும் ஏற்பாடு இது.

1963ஆம் ஆண்டில் காமராசர் புதியதொரு திட்டத்தை முன்வைத்தார். மூத்த தலைவர்கள் ஆட்சிப் பதவிகளைத் துறந்து கட்சிப்பணிக்குத் திரும்ப வேண்டும் என்பது அதன் சாரம். சாஸ்திரி உள்துறையைத் துறந்தார். காமராசரும் அவ்வாண்டு அக்டோபர் 2ஆம் நாள் முதலமைச்சர் பதவியிலிருந்து நீங்கினார். பக்தவத்சலம் புதிய அமைச்சரவை அமைத்தார். ஆட்சி மாறியபோதும் ஆட்சியர் அலுவலகமும் பள்ளியும் மருத்துவமனையும் ஒருநாளும் தடைபடவில்லை. அமைச்சர்கள் மாறுவர், நிலைத்த பணியாளர்களைக் கொண்ட நிருவாகம் தொடர்ந்து இயங்கும் என்பதற்கு அது எடுத்துக்காட்டு.

1964ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் நேரு மறைந்தார். காங்கிரசுத் தலைவராக இருந்த காமராசர் உறுப்பினர்களின் கருத்தை அறிந்து ஒருமனதான முடிவுக்கு வழிகண்டார். ஜூன் 9ஆம் நாள் சாஸ்திரி பிரதமராகப் பொறுப்பேற்றார்.

பிரதமராகிய அவர் எதிர்கொண்ட கடும் சோதனைகளுள் ஒன்று தமிழ்நாட்டில் எழுந்தது. 1965ஆம் ஆண்டு சனவரி 26 முதல் இந்தியே ஒன்றியத்தின் ஆட்சிமொழியாகும் என்ற நிலையில் மாணவர்கள் போராடினர். பலர் உயிரிழந்தனர். தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒன்றிய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அழகேசனும் பதவி விலகல் கடிதம் அளித்தனர். அரியலூர் விபத்தின்போது தொடர்வண்டித்துறைத் துணை அமைச்சராகச் சாஸ்திரியுடன் பணியாற்றியவர் அழகேசன். சாஸ்திரி அக்கடிதங்களைக் குடியரசுத் தலைவர் இராதாகிருட்டிணனுக்கு அனுப்பினார். அவரோ அவற்றை ஏற்க உடன்படவில்லை. பிப்ரவரி 11ஆம் நாள் வானொலியில் உரையாற்றிய சாஸ்திரி, இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்னும் நேருவின் உறுதிமொழி காக்கப்படும் என அறிவித்தார். அவ்வுறுதி 1967ஆம் ஆண்டின் ஆட்சிமொழித் திருத்தச் சட்டத்தால் சட்டவடிவம் பெற்றது. பிரதமரின் வாக்கும் சட்டமானால்தான் நிலைபெறும் என்பதை இது உணர்த்துகிறது.

உணவுப் பற்றாக்குறையைப் போக்கவும் அவர் முனைந்தார். உழவரின் விளைபொருளை உரிய விலைக்குக் கொள்முதல் செய்ய இந்திய உணவுக் கழகம் 1965ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் அமைந்தது. வேளாண் அமைச்சர் சி. சுப்பிரமணியம் பசுமைப்புரட்சிக்கு வித்திட்டபோது சாஸ்திரி அவருக்குத் துணைநின்றார். அவ்வாண்டு நடைபெற்ற பாகிஸ்தானுடனான போரின்போது உழவரையும் படைவீரரையும் ஒருங்கே போற்றிய அவரது முழக்கம் நாடெங்கும் ஒலித்தது. 1966ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள் தாஷ்கண்டில் அமைதி உடன்பாட்டில் கையெழுத்திட்டார். மறுநாள் விடியுமுன் அங்கேயே உயிர்நீத்தார். அவ்வாண்டே அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது.

நிலைத்த படிப்பினை

பிரதமராகச் சாஸ்திரி வாழ்ந்த காலம் இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவு. எனினும் அவர் பெயரைக் கூறும்போது ஏறிய பதவிகளைவிட இறங்கிய பதவியே மக்கள் நினைவுக்கு முதலில் வருகிறது. அவர் பதவி விலகியதால் மருதையாற்றில் மாண்ட ஒருவரும் மீண்டு வரவில்லை. தாயை இழந்த பிள்ளைக்கும் பிள்ளையை இழந்த தாய்க்கும் அது ஈடாகவில்லை. ஆனால் அவ்விழப்பை அரசு ஓர் எண்ணிக்கையாகக் கடந்து செல்லவில்லை என்பதை அது உணர்த்தியது. ஆள்வோரின் நாற்காலி எளிய பயணியின் உயிரைவிடப் பெரியது அன்று என்னும் உண்மையை அது நிலைநாட்டியது.

சட்டமன்றத்தில் எழும் கேள்வி, தணிக்கை அறிக்கை சுட்டும் குறை, உயர்நீதிமன்றத்தில் குடிமகன் தொடுக்கும் வழக்கு ஆகிய யாவும் ஒரே நோக்கத்திற்காக அமைந்தவை. அதிகாரம் செலுத்துவோர் விடைகூறியாக வேண்டும் என்பதே அந்நோக்கம். அவ்வமைப்புகள் எத்துணைச் சீராக வகுக்கப்பட்டிருப்பினும், கேட்கத் துணியும் குடிமக்களும் ஏற்கத் துணியும் தலைவர்களும் இருந்தால்தான் அவை பயன்தரும். இன்றும் அரியலூரைக் கடந்து திருச்சிராப்பள்ளி செல்லும் தொடர்வண்டிகள் மருதையாற்றின்மேல் ஓடுகின்றன. அவற்றில் அச்சமின்றி உறங்கிச் செல்லும் பயணியர் ஒவ்வொருவரும், தாம் காணாத எத்தனையோ பேரின் பொறுப்புணர்வை நம்பியே உறங்குகின்றனர். அந்நம்பிக்கையின் மதிப்பை அறிந்து ஒழுகியவர் லால் பகதூர் சாஸ்திரி.

கற்பவை கற்றபின்

1. விபத்துக்குப் பொறுப்பேற்று அமைச்சர் பதவி விலகுதல் சிறந்ததா, பதவியில் தொடர்ந்து குறைகளைக் களைதல் சிறந்ததா என்பது குறித்து வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

2. உங்கள் ஊரிலுள்ள பாலம், ஏரி, சாலை ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதனைப் பராமரிக்கும் பொறுப்பு எந்த அரசின் எந்தத் துறையைச் சார்ந்தது எனக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

3. உங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் பேரவையில் எழுப்பத்தக்க மூன்று வினாக்களை உருவாக்குக.